அவிழ்க்காத முடிச்சு

“...மாட்டை வெளிய கட்டிட்டு, தொழுவத்தைக் கழுவி, லாந்தர்கூட ஏத்தி வச்சுச்சு எங்க ஆத்தா. நான்தாண்ணே அங்கிட்டுப் போகவே இல்லை” என்றார் அந்த மாணவர்.

பொன்னமராவதியில் ஏறி, பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர். டாக்டருக்குப் படிக்கிறார். ஒடிசலான தேகம், பேசும்போதெல்லாம் தன் மணிக்கட்டையே அழுத்திப் பார்த்துக்கொள்கிற பழக்கம். காலடியில் கயிறு கட்டிய மரப்பெட்டி. உள்ளே பாடத்துக்கான மனித எலும்புகள். செத்தவர் எலும்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்றுதான் படிக்கத் தொழுவத்தில் இடம்.

“லீவு முழுக்கவா படிக்கலை தம்பி?”

“புத்தகத்தை எடுத்தாலே மனசு மூடிக்கிருதுண்ணே. இந்தப் பெட்டிக்குக் காலேஜ்ல போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. நாளைக்குப் பரீட்சை. ஏற்கெனவே ஒருக்கா தவறிட்டேன். இதுவும் போனா வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்சீட்டு அம்மாள் திரும்பினார்.

“டாக்டருக்குப் படிக்கிற புள்ளையா? இந்த முட்டி ஏன் படியேற விடமாட்டேங்குது, பாரு சாமி!”

“தெரியலைங்களே ஆத்தா” என்றார். முகம் வெளுத்துவிட்டது.

சட்டென்று பெட்டியைத் தூக்கி மடியில் வைத்தார். கயிறு நகத்துக்கு மசியவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில் குனிந்து, முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கத் தொடங்கினார்.