பியூஸ் போர்ட்டுக்கு நான் காட்டிய சுவர்

போன வருடம் எங்கள் கார் கராஜில் தனியாக ஒரு பியூஸ் போர்ட் பொருத்துவதற்குக் கிண்ணியாவிலிருந்து வயரிங் வேலை செய்யும் நாசர் நானா வந்திருந்தார்.

"தம்பி, கடல் பக்கச் சுவர் வேணாம். உப்புக் காத்தும் மழைத் தண்ணியும் படும். கதவடிச் சுவர்தான் நல்லம்," என்றார்.

கதவடியில் அலுமாரி வைக்க வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். நான் காட்டிய கடல் பக்கச் சுவரிலேயே பொருத்தினார்.

மாரி மழை வந்தது. போர்ட்டுக்குள் ஈரம் இறங்கி, என் மனைவிக்குக் கரண்ட் அடித்தது. நல்லவேளை, கைக் காயத்தோடு தப்பினாள். கேட்டவர்களிடமெல்லாம், நானாவின் வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை போர்ட்டைக் கதவடிச் சுவருக்கு மாற்ற அவர் வந்தார். பக்கத்து வீட்டு டீச்சர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நாசர், உங்கட வேலையாலதானே இவர்ட மனைவி சாகப் பார்த்தது? என்ட புது வீட்டு வயரிங்கை உங்களிட்டத் தர ஏலாது."

நானா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஓம் டீச்சர், அந்த இடம் பிழைதான்," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அவர் போன பிறகுதான் எனக்கு வாய் வந்தது. டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாளைக்கே அவரைக் கூப்பிடுறன்," என்றார். பிறகு கேட்டார்: "அப்ப, அவர் இங்க நிக்கிற நேரம் ஏன் நீங்கள் வாய் திறக்கேல்லை?"

உங்களில் யாரிடமாவது இதற்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள். நாளைக்கு டீச்சர் வீட்டுக்கு நானா வரும்போது எனக்குத் தேவைப்படும்.