இட்லி மாவுப் பாத்திரமும் புளிப்பில்லா அப்பமும்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று எங்கள் வீட்டில் ஒரு மாவு ரிஜெக்ட் ஆனது. ரிஜெக்ட் செய்தது என் மனைவி ஜெபா. அதுவும் போனிலேயே.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் நான் உட்கார்ந்து எழுதுகிறவன். ஜெபா திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். யார் பேச்சு எடுபடும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் சபை சின்னது. ஒரு பழைய குடோனின் மாடியில் கூடுகிறோம். ஆராதனையில் எல்லாரும் பகிர்ந்து உண்ணும் திருவிருந்துக்குக் கடையில் வாங்கிய அப்பம் கிடையாது. சபைப் பெண்கள் முறை வைத்து வீட்டில் சுட்டுக் கொண்டுவருவார்கள். ஈஸ்ட், சோடா, தயிர் எதுவும் சேராத புளிப்பில்லா அப்பம். அன்றே பிசைந்து அன்றே சுட வேண்டும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. கம்பெனிக்குப் போகும் பெண்களுக்கு அந்த முறை வராது. யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ‘பாவம், ஷிப்மென்ட் இருக்கும், ஓவர்டைம் இருக்கும், நேரத்துக்கு வர முடியாதே’ என்று கரிசனமாகத்தான் விட்டுவிடுவார்கள். கரிசனத்தோடு ஒதுக்கினால் சண்டைகூடப் போட முடியாது...

ஜெபா போட்டாள். முறை போடும் பாஸ்டரம்மாவிடம் நேராகவே கேட்டாள்: “நாங்க சுட்டா வேகாதாம்மா?”

பாஸ்டரம்மா சிரித்துவிட்டார். சிரித்த கையோடு பெரிய வியாழன் முறையையே கொடுத்துவிட்டார்.

அன்றைக்குத்தானா ஷிப்மென்ட் வர வேண்டும்? மதியம் ஜெபாவின் போன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்துவிட்டாராம். வீட்டுக்கு வர முடியாது, கம்பெனி வேனிலிருந்து நேராகச் சபைக்குத்தான் என்றாள்.

“முறையை வேற யாருக்காவது மாத்தச் சொல்லட்டுமா?” என்றேன்.

“மாத்துனா அவ்வளவுதான். ‘பாத்தியா, கம்பெனிக்குப் போறவளுகள நம்பக் கூடாது’ன்னு ஆயிரும். இனி ஒருத்திக்கும் முறை வராது.” அதே மூச்சில் கேட்டாள்: “நீங்க சுடுதியளா?”

நானா? எங்கள் சபையில் எந்த ஆணும் அப்பம் சுட்டதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

கோதுமை மாவு, தண்ணீர், கொஞ்சம் எண்ணெய். இதில் என்ன பெரிய வித்தை? கைக்கு வந்த பாத்திரத்தை அலசிவிட்டுப் பிசைந்தேன். மாவு அழகாகத் திரண்டு வந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பாராட்டு வரும் என்று பார்த்தால் போன் வந்தது.

“என்ன பாத்திரம் அது?”

“இருந்ததிலேயே பெரிசு. ஏன்?”

“அது இட்லி மாவு ஏனமுல்லா? காலைலதான் கடைசி மாவை ஊத்துனேன். நல்லாத் தேய்ச்சியளா?”

எட்டிப் பார்த்தேன். விளிம்பின் மடிப்பில் வெள்ளையாக ஒட்டியிருந்தது, நன்றாகப் புளித்த இட்லி மாவு. கீழே பிசைந்த மாவிலும் ஒன்றிரண்டு துணுக்கு. மாவு பொங்கி வழிந்தால் பெருமைப்படுகிற ஊர் நம்முடையது. புளிக்காமல் பார்த்துக்கொள்ள நமக்கு எங்கே பழக்கம்?

“துளியூண்டுதான். நாம சொன்னாத்தானே தெரியும்?” என்று மெல்ல இழுத்தேன்.

“எனக்குத் தெரிஞ்சு போச்சே,” என்றாள் ஜெபா. “லைன்ல ஒரு ஊசி உடைஞ்சா என்ன செய்வோம் தெரியுமா? முனை கிடைக்கிற வரைக்கும் மெஷினை ஓட விட மாட்டோம். கிடைக்கலன்னா அங்க கிடக்க பீஸ் பூராத்தையும் ஒதுக்கிருவோம். முனை எம்புட்டுன்னு பாக்க மாட்டோம். போடுத பிள்ளைக்குக் குத்தும்லா?”

போனை வைத்துவிட்டாள்.

புளிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். புளிப்பு என்றால் கபடம், புளிப்பு என்றால் பெருமை, கொஞ்சம் இருந்தாலும் மொத்த மாவையும் மாற்றிவிடும்... எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறேன். அந்த ஊசி முனையைச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, மறுபடி பிசையலாம். எதில்? எங்கள் சமையலறையில் இட்லி மாவு படாத பாத்திரம் ஏதாவது உண்டா? பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவின் கதவைத் தட்டினேன். அவர் வீட்டுக்காரருக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை. விஷயத்தைச் சொன்னதுமே, ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத ஒரு எவர்சில்வர் பேசினை எடுத்து வந்தார்.

“இதுல சொட்டுத் தண்ணிகூடப் படலீங்க. சாமி காரியத்துக்கு எங்கூட்டுலயும் தனி ஏனந்தானுங்க. கொண்டு போங்க தம்பி.”

இரண்டாவது மாவை ஊற வைக்கவும் நேரமில்லை. பிசைந்த கையோடு தேய்த்து, உப்பிவிடாமல் முள்கரண்டியால் குத்தி, சப்பாத்திக் கல்லில் போட்டேன். பைபிள் சொல்லும் எகிப்து அடிமைகளும் விடுதலையான இரவில் இப்படித்தானே கிளம்பினார்கள்? மாவு புளிக்கும்வரை காத்திருந்தால் விடுதலை கைநழுவிப் போயிருக்கும். அந்த அவசரத்தின் ஞாபகம்தான் இந்த அப்பம்.

யோசித்துப் பாருங்கள். திருப்பூருக்கு வந்தவர்களில் எத்தனை பேர் நின்று நிதானித்து வந்தோம்? மழை பொய்த்தது, பஸ் ஏறினோம். நானும் ஜெபாவும் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஆளுக்கொரு பையோடு வந்து இறங்கியவர்கள்தான். அந்த ஜெபா ‘பாஸ்’ சொல்லாமல் இன்றைக்கு அவள் லைனிலிருந்து ஒரு பெட்டிகூடக் கப்பல் ஏறாது. சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான். ‘பெருமை என்றால் புளிப்பு என்றீரே’ என்று கேட்காதீர்கள். மனைவியைப் பற்றிய பெருமை அந்தக் கணக்கில் சேராது.

சாயங்காலம் சபை வாசலில் வேனிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கழுத்தில் ஐடி கார்டு, தலைமுடியில் பஞ்சு. என் கையிலிருந்த அப்பத்தை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“பாஸ்,” என்றாள்.

ஆராதனை தொடங்குமுன் பாஸ்டரம்மா தட்டை வாங்கிக்கொண்டே எல்லார் முன்னாலும் கேட்டார்: “இப்பத்தானே வேன்ல இருந்து இறங்குன? எப்பம்மா சுட்ட?”

ஒரு சிரிப்பு சிரித்திருந்தால் போதும், பாராட்டு முழுதும் அவளுக்குத்தான். ஜெபா சிரிக்கவில்லை.

“நான் சுடலம்மா. எங்க வீட்ல அவிய சுட்டாவ.”

முறை போயிற்று என்றே நினைத்தேன். பாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். அப்பத்தைப் பார்த்தார்.

“அப்ப வீட்ல சுட ஆள் இருக்குல்ல? இனிமே கம்பெனிக்குப் போற எல்லார் வீட்டுக்கும் முறை உண்டு. அக்கா சுட்டாலும் சரி, அண்ணன் சுட்டாலும் சரி.”

பின்வரிசையில் இருந்த கம்பெனிப் பெண்கள் சொன்ன ‘ஆமென்’ இருக்கிறதே... அப்படி ஒரு ஆமெனை நான் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, ரிஜெக்ட் ஆன முதல் மாவில் சப்பாத்தி போட்டு இருவரும் சாப்பிட்டோம்.

அன்றிலிருந்து சபையில் நாலைந்து அண்ணன்மார் என்னைக் கண்டால் ஸ்தோத்திரம்கூடச் சொல்வதில்லை. பரவாயில்லை, அவர்களும் மாவு பிசைந்துவிட்டு வரட்டும்!