தேருக்குப் பின்னால் ரேஸ் கேம்

வெள்ளவத்தை நாகேந்திரத்தின் பழைய பிக்கப் வருடம் முழுக்கப் புறக்கோட்டையிலிருந்து கடைகளுக்கு அரிசி மூட்டை சுமக்கும். ஆடிவேல் திருவிழா அன்று மட்டும் குளித்து, மாலை போட்டு, தேருக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஏற்றிப் போகும். பதினெட்டு வருடமாக அந்தப் பொறுப்பு அவருக்குத்தான். வேட்டி கட்டி ஸ்டியரிங் பிடித்தால், முருகனுக்கு அடுத்தது தான்தான் என்ற நினைப்பு மனிதருக்கு.

போன ஆனியில் பொரளைச் சந்தியடியில் ஒரு பிரேத வாகனம் ஹோர்ன் அடித்து அவரை முந்திப் போனது. பக்கத்தில் மனைவி நேசமலர்.

"செத்த மனுசனே உங்களைவிடக் கெதியாப் போறான்."

இந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

மறுநாளே வண்டியைப் பார்த்த மெக்கானிக், எஞ்சினில் கேம் தேய்ந்துவிட்டது என்றார். வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடுகிற தண்டு அது. நாகேந்திரம் பஞ்சிகாவத்தைக்குப் போனார். வாகனச் சாமான் கடை நப்ரீஸ் இரண்டு கேமை எடுத்து மேசையில் வைத்தான்.

"இது கம்பெனி அளவு, அண்ணே. சாமான் ஏத்துற வண்டிக்கு இதுதான் சரி. மத்தது ரேஸுக்கு வெட்டினது. மெதுவாப் போனா இழுக்காது, நிண்டு போகும். ஸ்பீட்ல பறக்கும்."

நாகேந்திரத்தின் காதில் கடைசிச் சொல் மட்டும் விழுந்தது.

"மற்றதைத் தாரும், தம்பி."

"அண்ணே, ஒங்கட வண்டி டெய்லி ஓடுறதல்லவா?"

"ஓம். அதுக்குத்தானே கேக்கிறன்."

மெக்கானிக் அதைப் பூட்டிய பிறகு வண்டி நின்ற இடத்திலேயே சன்னதம் ஆடியது. அந்த உறுமலில் நாகேந்திரத்துக்குப் பத்து வயது குறைந்தது. கொழும்பின் காலி வீதி நெரிசலில் வண்டி இரண்டு தரம் நின்றபோது பெற்றோலைத் திட்டினார்.

"தேருக்கு முதல் அந்தக் கம்பெனி அளவை வாங்கிப் பூட்டுங்கோ," என்றார் நேசமலர்.

"விசரே உமக்கு? தேருக்குப் பின்னால நடக்கிற வேகம்தானே. அதைவிட லேசான வேலை உண்டோ?"

ஆடிவேல் அன்று கொள்ளுப்பிட்டியில் அந்த லேசான வேலை அவரைப் பிடித்துக்கொண்டது. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி நின்றது. மிதித்தால் தேரை நோக்கிப் பாய்ந்தது. காவடிக்காரர் இருவர் முருகனை மறந்து நாகேந்திரத்தின் பரம்பரையை விசாரித்தார்கள். ஐந்தாம் தரம் நின்ற பிக்கப் பிறகு எழும்பவேயில்லை. ஜெனரேட்டர் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடியது, ஒலிபெருக்கியில் தேவாரம் கேட்டது. இருபது பேர் வண்டியைத் தள்ளினார்கள். தேருக்குக் கயிறு இழுத்தவர்களைவிட இவர்களுக்குத்தான் வியர்வை. யாரோ ஒரு அம்மா பொனட்டில் திருநீறு பூசி அரோகரா என்றாள். உள்ளே இருந்தவருக்கு வெட்கத்தில் உயிர் போனது.

கோயில் வாசலில் தர்மகர்த்தா வந்தார். திட்டு விழும் என்று நாகேந்திரம் தலையைக் குனிந்தார். திட்டவில்லை. தோளில் கை வைத்தார்.

"நாகேந்திரம், வாற வருசம் ஜெனரேட்டரைப் பிரியந்தன்ர லொறி ஏத்தி வரட்டும். நீங்கள் குடும்பத்தோட ஆறுதலா நடந்து வாங்கோ."

திட்டியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பார். தர்மகர்த்தா அன்பாகச் சொல்லிவிட்டார். நாகேந்திரம் பக்கத்தில் நின்ற நேசமலரைப் பார்த்தார். பிரேத வாகனத்துக்கே பகிடி விட்ட மனுசி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, வண்டியில் வாடிக் கிடந்த மாலையைக் கழற்றத் தொடங்கினார்.