பிள்ளையாருக்கும் ஒரு கூறு

போர்த் தடையால் மண்ணெண்ணெய் வராத தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் இறைக்கிற மெசின்கள் எல்லாம் சும்மா கிடந்தன. உரும்பிராயில் சில வீடுகள் சேர்ந்து செய்த பங்குத் தோட்டம் பட்டுப்போகாமல் நின்றது, பவளம் கிணற்றில் துலா மிதித்து இறைத்த தண்ணீரால்தான். விதைக்குக் காசு போட்ட வீடுகள் வெள்ளிதோறும் கத்தரிக்காய், வெண்டிக்காய், பயித்தங்காயைக் கூறு போட்டுப் பிரித்துக்கொண்டன. பிள்ளையாருக்கும் ஒரு கூறு உண்டு. அதைக் கோயில் மனேச்சர் வைத்திலிங்கம் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடவுள் சார்பில் சாப்பிட்டார். பவளத்துக்கு மட்டும் கூறில்லை. அவளுடைய சாதிக்குக் கூலி போதுமாம்.

பிரிப்பதில் கள்ளம் கூடாதென்று ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் கூறைத் தொட்டு "இது ஆருக்கு?" என்று கேட்க, முதுகு காட்டி நிற்பவர் பெயர் சொல்லவேண்டும். சொன்ன பெயருக்கே கூறு. பங்கில்லாதவள் ஓரவஞ்சனை செய்யமாட்டாள் என்று பவளத்தையே பெயர் சொல்ல நிறுத்தினார்கள்.

அன்றைக்கு மனேச்சர் கடைசிக் கூறைத் தொட்டார்.

"இது ஆருக்கு?"

"பவளத்துக்கு."

"எடி, பிள்ளையாரை விட்டிட்டியே!"

"அவரை எப்ப ஐயா தோட்டத்திலை கண்டனீங்கள்? ஒருநாள் வந்து துலா மிதிக்கச் சொல்லுங்கோ, அவரின்ரை பேரையும் சொல்லுறன்."

"தெய்வக் குற்றமடி!"

"வயிறு அவருக்குப் பெரிசுதான். பசி எனக்கெல்லோ."

கூடி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மறித்தால் நாளைக்கு யார் இறைப்பது என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது.

பவளம் திரும்பி, தன் கூறைச் சேலைத் தலைப்பில் அள்ளிக் கட்டினாள். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. மனேச்சர்தான் ஒழுங்கைத் தெரு முடியும்வரை சொல்லிக்கொண்டே போனார்.