மதுரைவீரன் அணிந்த நீல அங்கி

மலாயாவில் எங்கள் மூவாரில் அரிசி கண்ணில் படாமல் போனது ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாம் வருடம். பெக்கோக் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கும் என் மச்சான் சிவராமன், "திருவிழாவுக்கு வாங்க, திரும்பறப்ப ஒரு மூட்டை மரவள்ளிக்கிழங்கோட போலாம்" என்று சொல்லியனுப்பினார். எனக்கு உடனே பக்தி பெருகியது.

காலை ஆறு மணிக்குக் கரியில் ஓடும் லாரி. யோங் பெங்வரை முப்பத்தைந்து மைல், ஐந்து மணி நேரம். கட்டணம், ஜப்பான்காரர்கள் அச்சடித்த வாழைமர நோட்டில் எட்டு வெள்ளி. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். "ஏறுறதுக்குத்தான் காசு, தள்ளுறது இலவசம் லா" என்றார் டிரைவர். அங்கிருந்து இரவல் சைக்கிள். டயருக்குப் பதில் ரப்பர் குழாய். பெக்கோக் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, இடுப்பு இல்லை.

தோட்டத்தில் பாதிப் பேர் சாக்குத் துணியில் இருந்தார்கள். கோயிலில் மதுரைவீரன் மட்டும் நீலச் சாட்டின் அங்கியில் நின்றார். சிவப்புப் பட்டு உள்துணி, தோளில் பதக்கம் தொங்கும் தங்கச் சங்கிலி, மார்பில் ஏழு முனை நட்சத்திரம். ஐரோப்பிய வீரப் பட்டங்களைப் பற்றி வேலையில்லாத காலத்தில் நிறையப் படித்திருக்கிறேன். இங்கிலாந்து ராஜா தன் பெரிய அதிகாரிகளுக்குப் பட்டம் கொடுக்கும்போது போர்த்தும் அங்கி அது.

பூசாரியான கருப்பையா பண்டாரத்தைத் தனியே அழைத்தேன். "இது யார் துணின்னு தெரியுமா?"

"வீரனோடதுதான் ஐயா. பெரிய துரை ஓடுறப்ப விட்டுட்டுப் போன பெட்டியில இருந்துச்சு. பதக்கத்தப் பாருங்க. குதிரை, ஈட்டி, காலடியில பாம்பு. நம்ம வீரன் இல்லாம வேற யாரு?"

"அது வெள்ளைக்காரங்க புனிதர். ஜப்பான்காரன் பார்த்தா உங்க தலை போயிடும். கழட்டுங்க."

"அலமாக்! காப்புக் கட்டியாச்சு ஐயா. காப்பு அவுக்கிற வரைக்கும் சாமிக்குச் சாத்தினதத் தொடக்கூடாது." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: "நீங்களும் எல்லையத் தாண்டக்கூடாது."

ஆக, தலை போகும் இடத்தில் எனக்கும் மூன்று நாள் தங்கல் உறுதியாயிற்று. சாப்பாடு இலவசம்.

மறுநாள் காலை ஜப்பானிய அதிகாரி ஒருவர் தோட்டத்தைப் பார்வையிட வந்தார். கோயில் வாசலில் பூட்ஸைக் கழற்றினார், குனிந்து வணங்கினார். நிமிர்ந்தவர் நட்சத்திரத்தைப் பார்த்தபடியே நின்றார். அவர் கை வாளின் பிடிக்குப் போனது. இது எங்கிருந்து வந்தது என்று அரைகுறை மலாயில் கேட்டார்.

"துரைங்க விட்டுட்டுப் போனதுன்னு உள்ளத சொல்லுங்க கிராணி ஐயா" என்றார் பண்டாரம்.

சிவராமன் மலாயில் தெளிவாகச் சொன்னார்: "எங்கள் சாமி வெள்ளைக்காரனை விரட்டிப் பறித்துக்கொண்டது, துவான்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். வாளிலிருந்து கையை எடுத்து, தன் சட்டையிலிருந்த பித்தளைப் பதக்கத்தைக் கழற்றி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் குத்தினார். சாமிக்குச் சாத்தியதைத் தொடக்கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

காப்பு அவிழ்த்த அன்று, "இனிக் கழட்டலாமே?" என்றேன்.

பண்டாரம் கழுத்தைத் தடவினார். "எப்படி ஐயா? அந்தாளு மாசாமாசம் வந்து தன் பதக்கத்தப் பார்ப்பேன்னுட்டுப் போயிருக்கான். கழட்டினா அவன் வெட்டுவான். துரை திரும்பி வந்தா, ஜப்பான்காரன் பதக்கத்த ஏன் சாத்தினேன்னு தொங்கவிடுவான்." பிறகு, எல்லோருக்கும் கொடுப்பதுபோல் எனக்கும் திருநீறு கொடுத்தார்.

போகிறவர்களுக்கு: குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். காப்புக் கட்டிவிட்டார்களா என்று எல்லைக்கு வெளியிலேயே நின்று விசாரியுங்கள். திரும்பும்போது கிழங்கு மூட்டையை சைக்கிளின் முன்பக்கம் கட்டாதீர்கள். நான் இரண்டு முறை விழுந்தேன்.

தரிசனத்துக்கு நினைத்திருப்பவர்கள் சீக்கிரம் போவது நல்லது. சாமி அங்கேயேதான் இருக்கும். பண்டாரத்தைப் பற்றி உறுதி சொல்ல முடியாது.