இரட்டை வேகத்தில் கேட்ட அண்ணன்

நான் பேசுவதை முழுதாகக் கேட்கும் பொறுமை என் அண்ணனுக்குப் பிறவியிலேயே கிடையாது. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், "சரி, விஷயத்துக்கு வா" என்பான். நான் விஷயத்துக்கு வருவதற்குள் எழுந்து போய்விடுவான். நாற்பது வயது தாண்டியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. ஒரே ஒரு தடவையாவது இவனை ஒரு கதை முழுக்கக் கேட்கவைக்க வேண்டும் என்பது என் வாழ்க்கை லட்சியங்களில் ஒன்று. மற்றவையெல்லாம் எடை குறைப்பது சம்பந்தப்பட்டவை.

வேடிக்கை என்னவென்றால், பாட்காஸ்ட் என்ற சொல்லே அவன் வாயிலிருந்துதான் என் காதில் விழுந்தது. அவனுக்கு ஜொகூர் பாருவில் வீடு, பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் வேலை, தினமும் பஸ். அப்போது நானும் அவன் வீட்டில்தான் இருந்தேன், கைபேசியில் இந்த வசதியெல்லாம் வரவில்லை. தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுக் கருவி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத யார் யாரோ பேசியதை ஒவ்வொன்றாக இறக்கி, ஒயரைச் சொருகி அதில் ஏற்றுவான். ஒன்று இறங்கி முடிப்பதற்குள் நான் சோறு வடித்து ரசமும் வைத்துவிடுவேன்.

"இது ரேடியோதானே?" என்று கேட்டேன்.

"ரேடியோ நமக்காக நிக்காது. இது நிறுத்தினா நிக்கும்லா," என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

பிறகு அந்தக் கருவியைக் கைபேசி விழுங்கிவிட்டது. ஒயரும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம், தொட்டால் பேசியது. கொஞ்ச நாளில் வாய் இருக்கிறவர்கள் எல்லாரும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் வாய் இல்லையா என்ன? மூவாரில் நான் வேலை பார்ப்பது சோபா செய்யும் ஃபேக்டரியின் ஆபீசில். வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டு ஸ்டோர் ரூம் சுவர் முழுக்க ஒட்டினேன். அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே உட்கார்ந்து வாரம் அரை மணி நேரம் பேசினேன். அந்த வாரம் ஆபீசில் நடந்தது, பஸ் ஸ்டாண்டில் பார்த்தது, கல்யாண வீட்டில் கேட்டது என்று எல்லாம் வரும். இப்போது காலம் இன்னும் மாறி, எல்லாரும் வீடியோவுக்குப் போய்விட்டார்கள். எனக்கும் முகத்தைக் காட்டச் சொல்லி எழுதுகிறார்கள். முகத்தைக் காட்டுவதென்றால் தலை சீவ வேண்டும், மின்விசிறியை அப்புறப்படுத்த வேண்டும். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் மட்டும் அப்படி எதுவும் எழுதவில்லை. வாரம் தவறாமல் "கேட்டுட்டேன்" என்று ஒரு வரி அனுப்புவான், பக்கத்தில் ஒரு கட்டைவிரல். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். லட்சியம் நிறைவேறிவிட்டது என்றே நினைத்தேன்.

போன தீபாவளிக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தான். நான் முறுக்கு பிழிந்துகொண்டே பேச, அவன் என் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் சிரி பாப்போம்."

சிரித்தேன்.

"ரெண்டு கையையும் தூக்கு."

மாவுக் கையோடு தூக்கினேன். "என்னண்ணா, என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் பேச்சு ரொம்ப மெதுவா வருது, பக்கவாதமோன்னு பயமா இருக்கு. வா, கிளினிக் போயிட்டு வந்துருவோம். போன வாரம்கூட நல்லாத்தானே பேசின? இந்தா, கேளு." சாட்சிக்குக் கைபேசியை எடுத்துத் தட்டினான்.

அதில் மீன் ஏலம் விடுகிறவரைப் போல ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். மூச்சு விட இடமில்லை, கமா இல்லை, முற்றுப்புள்ளி இல்லை. அந்த ஒருத்தி நான். இரண்டு மடங்கு வேகம், போதாததற்கு நான் நிறுத்தும் இடங்களையெல்லாம் வெட்டி எறியும் வசதியையும் போட்டிருந்தான்.

"அலமாக்! இப்படியா கேட்ட, இத்தன நாளும்?"

"பஸ்ஸுல கால் மணி நேரந்தான்மா முழிச்சிருப்பேன். அதுக்குள்ள முடிக்கணும்ல."

"முடிக்கறதுக்கு அது என்ன, மாத்திரையா?"

வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. முறுக்கு மட்டும் கொடுத்தேன், உடைந்ததாகப் பார்த்து.

அவன் போன பிறகு யோசித்தேன். இந்த ஜென்மத்தில் இவன் திருந்தப் போவதில்லை, நாம்தான் இறங்கிப் போக வேண்டும். அடுத்த பதிவில் ஒவ்வொரு சொல்லையும் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுத்துப் பேசினேன். அவன் வேகத்தில் ஓடினால் சரியாக என் குரல் வரும் என்று கணக்கு. அந்த வாரக் கதை எங்கள் ஃபேக்டரி முதலாளியின் பூனை. நிறைசினையாக இருந்த அது காலையில் காணாமல் போய், கப்பலுக்குப் போகவேண்டிய சோபா ஒன்றின் உள்ளிருந்து 'மியாவ்' என்றது. எல்லாம் தைத்துப் பிளாஸ்டிக்கும் சுற்றியாயிற்று, வாசலில் லாரி நிற்கிறது, எந்த சோபா என்று தெரியவில்லை. முதலாளி கையில் கத்தியோடு வருகிறார். நான் இழுத்த இழுப்பில் அதற்குள் அரை மணி நேரம் முடிந்துவிட்டது. அப்படியே நிறுத்திவிட்டேன்.

பொந்தியானிலிருந்து கேட்கிற ஒரு பெண் எழுதியிருந்தார்: "அக்கா, உடம்புக்கு முடியலையா? பிரஷர் செக் பண்ணுங்க."

நாலு நாள் கழித்து அண்ணனிடமிருந்து போன். கட்டைவிரலோடு நிறுத்திக்கொள்கிற மனிதன், என்ன ஆபத்தோ என்று பதறி எடுத்தேன்.

"என்னம்மா, இந்த வாரம் இப்படி இழுத்து வச்சிருக்க?"

"உனக்காகத்தான் இழுத்தேன். நீ ஓட்டுற வேகத்துக்குச் சரியா வரட்டும்னு."

பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"நீ கோவிச்சுக்கிட்டேல்ல, அன்னைக்கே அந்த வேகத்த எடுத்துட்டேன்லா," என்றான். "தூங்காம உக்காந்து, கொஞ்சம் கொஞ்சமா நாலு நாளு கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவி, அந்த இழுவையை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம்போலக் குறுக்கே விழுந்தான்.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பூனை எந்த சோபாவுல இருந்துச்சு? அப்புறம் என்ன ஆச்சு?"

என் அண்ணன் என்னிடம் "அப்புறம்?" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டு, பூனை காணாமல் போன காலையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தேன்.