ஷுக்ரியே கேட்ட ஹலால்

தேநீர்க் குவளையை இடது கையால் எடுக்க முயெஸ்ஸெர் பழகிக்கொண்டுவிட்டாள். வலது கை இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தசைகளை ஒவ்வொன்றாகத் தின்னும் நோய் என்று இஸ்மிர் நகரத்து டாக்டர் சொன்னபோது உடனிருந்தவன் தம்பி பெத்ரி மட்டும்தான். வெளியே மூச்சுவிடக் கூடாதென்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். தெரிந்தால் அவளுடைய மில்லில் துண்டு வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் ஆர்டரை வேறு மில்லுக்குத் திருப்பிவிடுவார்கள். மலைக்கிராமத்துப் பெண்பிள்ளைகள் தெனிஸ்லி நகரத்தில் தங்கிப் படிக்க அவள் கட்டும் விடுதி, கூரை போடாமல் அப்படியே நின்றுவிடும்.

கணவன் செத்த வருஷம் மாமனாரின் கொட்டகையில் இரண்டு தறி போட்டு ஆரம்பித்தவள். அன்றிலிருந்து ஏமாற்றப் பார்த்தவர்களே அதிகம். யாராவது சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறான் என்று பார்ப்பது சுபாவமாகிவிட்டது.

அன்று காலை தையல் பிரிவு மேஸ்திரி ஷுக்ரியே வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இத்தனை வருஷத்துல தெரிஞ்சோ தெரியாமலோ உங்க மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சு ஹலாலாக்கிடுங்க."

முயெஸ்ஸெர் நிமிர்ந்து பார்த்தாள். சாவு நெருங்கும்போது ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்கிற வார்த்தை அல்லவா அது?

"ஹலால் ஆகட்டும். போய் வேலையைப் பாரு."

சற்று நேரத்தில் சாயப் பிரிவிலிருந்து ஷுக்ரியேயின் புருஷன் ரிஃப்கி வந்தான். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு அதையே கேட்டான். கண் வேறு கலங்கியிருந்தது. அவனையும் ஒரே வார்த்தையில் அனுப்பிவைத்தாள்.

பெத்ரிதான் சொல்லியிருப்பான், வேறு யார்? மில்லை விற்றுவிடலாம் என்று போன பெருநாளிலேயே பேச்செடுத்தவன். போனில் பிடித்தாள்.

"யார்கிட்டடா வாயைத் திறந்தே?"

"என்னக்கா இது? என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல."

"அவகிட்ட சொல்றதும் பள்ளிவாசல் மைக்குல சொல்றதும் ஒண்ணுதான். நான் கண்ணை மூடறதுக்குள்ள தறிக்கு விலை பேசிட்டியா?"

அவன் போனை வைத்துவிட்டான்.

கோபம் ஆறாமல் நேரே தையல் பிரிவுக்கு இறங்கிப் போனாள்.

"ஷுக்ரியே, நான் சாகப்போறேன்னு உனக்கு யாரு சொன்னது?"

ஷுக்ரியே வாய் பிளந்தாள். "சாகறதா? அல்லாவே! ஹஜ் குலுக்கல்ல எங்க பேரு விழுந்திருக்குக்கா. போறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேக்கணுமே, உங்ககிட்டதான் முதல்ல வந்தேன். சேதியைச் சொல்றதுக்குள்ள விரட்டிட்டீங்க."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கட்டிக் காத்த ரகசியத்தைத் தன் வாயாலேயே கொட்டியாயிற்று.

"நீங்க போயிட்டா எங்களை யாருக்கா திட்டுவா?" என்று துண்டுக்கு ஓரம் தைக்கும் ஒருத்தி கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"உடம்புக்கு முடியலதான். விடுதிக்குக் கூரை போடற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன். ஜெர்மனிக்காரன் காதுல விழுந்துதோ, உங்கள்ல ஒருத்திதான்னு வச்சுக்குவேன்." சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

மேலே வந்து மறுபடி பெத்ரியைக் கூப்பிட்டாள்.

"ஹலாலாக்கிடுடா."

"டாக்டர் திரும்பக் கூப்பிட்டாரா? எங்கிட்ட எதை மறைக்கிறே?"

"ஒண்ணுமில்ல. உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்."

"தப்பா நினைச்சேன்னு நீ சொல்றியா? அப்ப என்னமோ இருக்கு. அசையாம இரு, வரேன்."

இடது கையால் போனை வைத்தாள். அவன் "ஹலால் ஆகட்டும்" என்று சொல்லவே இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.